அமெரிக்காவில் ஓட்டுரிமை இல்லாதவர், தன் தொகுதியின் மாநில சட்டமன்ற உறுப்பினர் அனுப்பும் கடிதங்களைப் படிப்பதால் பயன் உண்டா?

எனக்குச் சம்பளத்தில் 0.58 சதவீதம் மிச்சமானது. எப்படி என்று சொல்கிறேன்.

நான் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே ரெட்மண்டில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். (தலைநகர் வாஷிங்டன் வேறு, இது மேற்குக் கரையோர மாநிலம். ஊரில் சொந்தக்காரர்களுக்கு இதை விளக்கியே எனக்கு அலுத்துவிட்டது.) ஒரு சனிக்கிழமை மகளை நூலகத்துக்குக் கூட்டிப் போனபோது அங்கே ஏதோ கூட்டம். வாசலில் இருந்த தாளில் பெயரும் மின்னஞ்சலும் எழுதச் சொன்னார்கள். குழந்தைகள் கதைநேரத்துக்கான பதிவு என்று நினைத்து எழுதிவிட்டேன். அது தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் நடத்திய மக்கள் சந்திப்பு. அன்றிலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன.

முதலில் திறக்காமலேயே அழித்துக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் பழக்கம் அப்படி. எம்.எல்.ஏ. என்றால் சுவரொட்டியிலும் காதுகுத்து விழாவிலும் பார்ப்போம், அவர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று நமக்கு யார் எழுதிப் போட்டார்கள்?

2022 ஜனவரியில் வந்த ஒன்றை மட்டும் ஏனோ திறந்தேன். 2019-இல் இங்கே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். முதுமையிலோ நோயிலோ வீட்டோடு பராமரிப்பு தேவைப்பட்டால் உதவித்தொகை கொடுக்கும் திட்டம், டபிள்யூ.ஏ. கேர்ஸ் என்று பெயர். அதற்காக எல்லார் சம்பளத்திலும் 0.58 சதவீதம் பிடிப்பார்கள். ஒரு லட்சம் டாலர் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 580 டாலர். பிடித்தம் தொடங்குவதை 2023 ஜூலைக்குத் தள்ளிப்போட ஒரு மசோதா, தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் விண்ணப்பித்து விலக்குப் பெறலாம் என்று இன்னொரு மசோதா, இரண்டும் அந்த மாதமே சட்டமாகிவிட்டன. கடிதத்தில் இந்த விலக்குக்கு ஒரே ஒரு வரிதான். அலுவலகத்தில் என்னைச் சுற்றி எத்தனையோ எச்-1பிக்காரர்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

விலக்குக்கு விண்ணப்பம் 2023 ஜனவரியில் திறந்தது. போட்டேன், கிடைத்தது. அப்புறம் வழக்கமான சோம்பேறித்தனம். அந்த ஒப்புதல் கடிதத்தை நாமேதான் வேலை கொடுப்பவரிடம் தர வேண்டும், அரசு அனுப்பாது. எனக்கு அது உறைக்கவில்லை. ஜூலைச் சம்பளச் சீட்டில் பிடித்தத்தைப் பார்த்த பிறகுதான் ஓடினேன். நாம் தாமதித்ததால் பிடித்த பணம் திரும்ப வராது. தப்பு என்னுடையதுதான். இப்போது இந்தத் தொல்லையும் இல்லை. 2026 ஜனவரியிலிருந்து இப்படிப்பட்ட விசாக்காரர்களுக்கு விலக்கு தானாகவே உண்டு, திட்டத்தில் சேர விரும்பினால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு கடிதங்களை ஒழுங்காகப் படிக்கிறேன். ஆனால் எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ள இன்னொரு அடி வாங்க வேண்டியிருந்தது.

2024 பிப்ரவரியில், வீட்டு வாடகை உயர்வுக்கு ஆண்டுக்கு 7 சதவீதம் என்று உச்சவரம்பு வைக்கும் மசோதா கீழவையில் நிறைவேறியது என்று படித்தேன். (இந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள், மேலவைக்குப் பெயர் செனட்.) அப்போது நாங்கள் வாடகை உயர்வால் வெந்துகொண்டிருந்தோம். இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம், "இனிமேல் நம்மை ஒன்றும் செய்ய முடியாது, சட்டம் வந்தாச்சு" என்று அறிவித்தேன். அந்த மசோதா செனட்டின் நிதிக் குழுவில் வாக்கெடுப்புக்குக்கூட வராமல் செத்துப்போனது. அடுத்த வாடகை நோட்டீஸ் வந்த அன்று, "உங்க சட்டம் எங்க?" என்று கேட்டாள்.

ஆகவே கடிதத்தில் ஒரு மசோதாவைப் பற்றிப் படித்தால், அது எந்தப் படியில் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். தாக்கல் ஆகியிருக்கிறதா, குழுவைத் தாண்டியதா, ஒரு அவையில் நிறைவேறியதா, இரண்டிலுமா, ஆளுநர் கையெழுத்திட்டாரா? ஒவ்வொரு படிக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு, தவறினால் பெரும்பாலும் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். இங்கே சட்டமன்றம் ஆண்டு முழுக்கக் கூடுவதில்லை. ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை தொடங்கி, ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். உறுப்பினர்களில் பலருக்கு வேறு வேலையும் இருக்கிறது. அந்தக் கொஞ்ச நாளுக்குள் குவிகிற மசோதாக்களில் பாதிகூடத் தேறாது. ஒற்றைப்படை ஆண்டில் தேங்கியவற்றுக்கு அடுத்த ஆண்டு இன்னொரு வாய்ப்பு உண்டு, அதையும் தவறவிட்டால் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

ஒரு மசோதா எந்த அவையில் தொடங்கியது என்பதை அதன் எண்ணைப் பார்த்தே சொல்லலாம். கீழவை மசோதாக்கள் 1000-இலிருந்தும் செனட் மசோதாக்கள் 5000-இலிருந்தும் தொடங்கும்.

வாடகைக் கதை அதோடு முடியவில்லை. 2025-இல் 1217 என்ற எண்ணில் அது மறுபடி வந்தது. இந்தத் தடவை செனட் அதை நிறைவேற்றியது, ஆனால் வரம்பைத் தளர்த்திவிட்டது. கீழவை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு அவைகளிலிருந்தும் ஆட்கள் உட்கார்ந்து பேசி, 7 சதவீதத்தோடு விலைவாசி உயர்வு, அல்லது 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது என்று முடித்தார்கள். கூட்டத்தொடரின் கடைசி நாளான ஏப்ரல் 27 அன்று நிறைவேறி, மே 7 அன்று ஆளுநர் பாப் ஃபெர்குசன் கையெழுத்துப் போட்டதும் உடனே நடைமுறைக்கு வந்தது. சாதாரணமாக இங்கே புதுச் சட்டங்கள் கூட்டத்தொடர் முடிந்து 90 நாள் கழித்துத்தான் அமலாகும், இதில் அவசர விதி சேர்த்திருந்தார்கள். குடிபோன முதல் 12 மாதத்துக்குள் வாடகையை ஏற்றவே முடியாது. கட்டி 12 ஆண்டு ஆகாத கட்டடங்களுக்கு வரம்பு பொருந்தாது. எங்கள் கட்டடம் பழையது, லிஃப்ட் நின்றுவிடுகிற அளவுக்குப் பழையது. முதன்முறையாக அதற்குச் சந்தோஷப்பட்டேன்.

இந்த மசோதாவுக்கு நானும் ஒரு துளி செய்தேன் என்பது என் பெருமை. குழு விசாரணை எப்போது என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். சட்டமன்ற இணையதளத்தில் அந்த விசாரணையைத் தேர்ந்து, பெயர் எழுதி, ஆதரவு என்று பதிந்தேன். விசாரணை தொடங்க ஒரு மணி நேரம் முன்புவரை பதியலாம், இரண்டு நிமிட வேலை. குடியுரிமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. பேச விரும்பினால் வீட்டிலிருந்தே காணொளியில் பேசலாம், எழுத்தில் கொடுக்க விசாரணை தொடங்கி 24 மணி நேரம்வரை அவகாசம் உண்டு. ஓட்டில்லாதவனுக்கு இந்த வாசல் திறந்திருப்பது ரொம்பப் பேருக்குத் தெரியாது.

ஆளுநர் என்றதும் நம் ஊர் ஆளுநரை நினைக்க வேண்டாம். இவர் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர், நம் முதலமைச்சர் மாதிரி. மசோதா கைக்கு வந்தால் ஐந்து நாள், கூட்டத்தொடர் முடியும் நேரம் என்றால் இருபது நாள், ஞாயிறு கணக்கில்லை. அதற்குள் கையெழுத்தும் போடாமல் நிராகரிக்கவும் செய்யாமல் இருந்தால் அது தானாகவே சட்டம். மசோதா ஆளுநர் மாளிகையில் கிடக்கிறது என்ற செய்தியையே கேட்டுப் பழகிய எனக்கு இதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது.

சரி, குறையும் சொல்ல வேண்டும். இந்தக் கடிதங்களில் தற்பெருமை தாராளம். மசோதாவை எழுதி முன்னால் நின்று இழுத்தவர் ஒருவர், அதில் கூடக் கையெழுத்துப் போட்ட இருபது பேரும் "என் மசோதா" என்றே எழுதுவார்கள். எதிர்த்து வாக்களித்ததைச் சொல்லவே மாட்டார்கள். சட்டமன்ற இணையதளத்தில் அந்த மசோதாவுக்கான பக்கத்தில் யார் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று பெயர்வாரியாக இருக்கும், அதைப் பாருங்கள். ஒரு தொகுதிக்கு ஒரு செனட்டரும் இரண்டு கீழவை உறுப்பினர்களும் இருப்பதால் மூன்று பேரின் கடிதத்துக்கும் பதிந்துகொள்வது நல்லது, ஒருவர் விட்டதை இன்னொருவர் சொல்வார். தேர்தல் ஆண்டில் அரசுச் செலவில் அனுப்பக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு, திடீரென்று கடிதம் நின்றால் பயப்பட வேண்டாம்.

என் மனைவி மசோதாப் பகுதியைத் தொடுவதே இல்லை, நேராகக் கடைசிக்குப் போய்விடுவாள். வருமான வரிப் படிவத்தை இலவசமாக நிரப்பித் தரும் முகாம், மின்கட்டண உதவி, முதியவர்களுக்கு வீட்டு வரிச் சலுகை, 14 முதல் 16 வயதுப் பிள்ளைகள் ஒரு வாரம் மாநிலத் தலைநகர் ஒலிம்பியா போய்ச் சட்டமன்றத்தில் ஏவலர்களாக வேலை பார்க்கும் திட்டம் எல்லாம் அங்கேதான் இருக்கும். 2022-இல் போக்குவரத்துக்கென்று ஒரு பெரிய நிதித் திட்டத்தை நிறைவேற்றியபோது, 18 வயதுவரை பேருந்து, ரயில், படகு எல்லாம் இலவசம் என்ற செய்தியை அவள்தான் அந்தக் கடைசிப் பகுதியில் பிடித்தாள். சியாட்டிலிலிருந்து பெயின்பிரிட்ஜ் தீவுக்குப் படகில் போகும்போது மகளுக்கு டிக்கெட் கிடையாது. எனக்கு மட்டும் காசு கொடுத்து வாங்குகிறோம்.