அப்ரைசர் வந்து போனதே போதும் என்று இருந்துவிடாதீர்கள், தம்பி

தம்பி, டெக்சாஸின் கில்லீனில் வி.ஏ. லோனில் (படைவீரர் நலத்துறையான வி.ஏ. ஜாமீன் நிற்கும் வீட்டுக் கடன்) வீடு பார்க்கிறோம், அரசாங்கமே அப்ரைசரை, அதாவது மதிப்புப் போடுபவரை, அனுப்பி வீட்டைச் சோதிக்கிறதாமே, அப்புறம் இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தனியாக 500 டாலர் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். கூடவே வட்டி, பள்ளிக்கூடம் பற்றியும். வட்டிக்கு நாலு லெண்டரிடம் விசாரியுங்கள், பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள். நான் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். 2013-இல் நானும் இப்படியே நினைத்து, இன்ஸ்பெக்‌ஷன் வேண்டாம் என்று விட்டவள்.

அப்ரைசரை வி.ஏ. தன் பட்டியலிலிருந்து முறைவைத்து அனுப்புகிறது. நீங்களோ லெண்டரோ ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. அவர் பார்ப்பது இரண்டுதான்: வீடு அந்த விலை பெறுமா, வி.ஏ. சொல்லும் குறைந்தபட்சத் தகுதி இருக்கிறதா. கூரை ஒழுகிய தடம், தண்ணீர் வசதி, ஹீட்டர், பழைய வீட்டில் உரிந்த பெயிண்ட் என்று கண்ணில் படுவதைக் குறித்துக்கொள்வார். குழாய்க்குள் கேமரா விடுவது அவர் வேலை இல்லை. கடனுக்கு ஈடாக வைக்கும் சொத்து தேறுமா என்பதுதான் அவருடைய கவலை. வீட்டில் குறையே இல்லை என்று வி.ஏ. உத்தரவாதம் தருவதில்லை, இன்ஸ்பெக்‌ஷன் செய்துகொள்ளச் சொல்வதும் அவர்கள்தான். ஊரில் வீடு வாங்கும்போது பேங்க் ஆள் மதிப்புப் போட்டுவிட்டுப் போன பிறகும் அப்பா ஒரு கொத்தனாரைக் கூட்டிப்போய்ச் சுவரைத் தட்டிப் பார்ப்பாரே, இங்கே அந்தக் கொத்தனார்தான் இன்ஸ்பெக்டர்.

என் வீடு 1968-இல் கட்டியது. அப்ரைசர் முக்கால் மணி நேரம் இருந்தார். பேசிய விலைக்கே மதிப்பு வந்தது. "வி.ஏ. பாஸ் பண்ணிட்டாங்க, இனி என்ன பயம்" என்றார் ஏஜென்ட். நாலாவது மாதம் குளியல்தொட்டி வழியாகச் சாக்கடை மேலே ஏறியது. தளத்துக்கு அடியில் போன வார்ப்பிரும்புக் குழாய் அரித்துப் போயிருந்தது. இந்தப் பக்கம் களிமண் பூமி; மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், தளமும் அதோடு அசையும். வீட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டிக் குழாய் மாற்ற 11,400 டாலர் ஆனது. சும்மா ஒரு கேமரா விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொன்று முக்கியம். வி.ஏ. ஒப்பந்தத்தில் எஸ்கேப் கிளாஸ், அதாவது விலகிக்கொள்ளும் விதி, இருக்கிறதே என்று நம்பாதீர்கள். மதிப்பு பேசிய விலைக்குக் கீழே வந்தால் கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகலாம், அவ்வளவுதான். பழுதுக்காக விலக அது உதவாது. அதற்கு டெக்சாஸில் ஆப்ஷன் பீரியட் இருக்கிறது: சிறு கட்டணம் கட்டினால், குறித்த நாட்களுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் விலகலாம். அந்த நாட்களுக்குள் இன்ஸ்பெக்‌ஷனை முடியுங்கள். மாநில லைசென்ஸ் உள்ள ஆளாக நீங்களே தேடுங்கள். பழைய வீடென்றால் சாக்கடைக் குழாய்க்குக் கேமராவும் கேளுங்கள், அதற்குத் தனிக் காசு. அவர் பார்க்கும்போது கூடவே நில்லுங்கள். கரையான் சோதனை வேறு, இரண்டும் ஒன்றுதான் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் ஆட்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். டாலஸ், ஆஸ்டின் பக்கம் ஐ.டி.யில் இருப்பவர்கள், போட்டியில் வீடு கிடைக்க இன்ஸ்பெக்‌ஷனையே விட்டுக்கொடுத்தோம் என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தெற்கு வாசல் என்று நல்ல வீட்டை வேண்டாம் என்பார்கள். கிழக்கு வாசல் வீட்டில் சுவர் மூலையிலிருந்து படிக்கட்டு போல ஏறும் விரிசலைப் பார்க்க மாட்டார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வரும். சம்பாதித்த காசு. நான் இப்போது யார் வீடு பார்க்கக் கூப்பிட்டாலும் டார்ச்சோடு போகிறேன். கதவெல்லாம் சாத்திப் பார்ப்பேன். சட்டத்தில் உரசினால் தளம் எங்கோ இறங்கியிருக்கலாம் என்று எனக்கே தெரிகிறது.

நான் 2009-இல் மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தேன்; தேவைப்பட்ட மொழி தெரிந்த வெளிநாட்டவரை அப்போது அதில் எடுத்தார்கள். படிக்க வந்தவள், அவர்கள் கேட்ட மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. "பட்டாளத்துக்கா போற?" என்று கேட்ட நம்மவர்கள் நிறைய. அந்தச் சம்பளத்தில் முன்பணமே இல்லாமல் வாங்கிய வீடு என்பதால்தான் அவ்வளவு நம்பிவிட்டேன். குழாய் தோண்டிய மூன்று வாரமும் விடியற்காலைப் பயிற்சி முடிந்து முகாமின் ஜிம்மிலேயே குளித்துவிட்டு டியூட்டிக்குப் போனேன். பக்கத்து வீட்டு சார்ஜெண்ட் அம்மா கேட்காமலே தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியிலிருந்து அம்மா ஸ்கைப்பில் வந்து, புது வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார். கொல்லைப்புற வேப்பங்கன்று வரைக்கும் காட்டினேன். குளியலறைப் பக்கம் மட்டும் போகவில்லை.