குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நம்பி எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைக்கிறது, வளரும் மூளைக்குள்ளும் விடுகிறது. இரும்புச்சத்து குறைந்த குழந்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து ஈயத்தை அளந்து, 1979-இல் முடிவை வெளியிட்டார். வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமான பிள்ளைகள்தான். ஆனாலும் பல்லில் ஈயம் அதிகமிருந்தவர்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண்ணும் வகுப்பில் கவனமும் குறைவாக இருந்தன. அறிகுறியே காட்டாமல் இழப்பு நடந்துவிடுகிறது, அதுதான் மனதை வதைக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? பழைய பெயின்ட் உதிர்ந்தாலோ, பக்கத்தில் பேட்டரி உடைத்து உருக்கினாலோ, உடனே குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஈயம் வரும் வழியை அடைப்பதுதான் முதல் சிகிச்சை.