அப்பாவின் வீட்டை அடமானம் வைத்து கேமை முடிக்கலாமா?

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாடி அறையில் நானும் மூன்று நண்பர்களும் இரண்டு வருஷமாக ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்து வருகிறோம். இன்னும் எட்டு மாத வேலை பாக்கி. கையில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. சம்பளம், வாடகை, கரன்ட் எல்லாம் சேர்த்து மாதம் 1.2 லட்சம் ஆகிறது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் 500 ரூபாய்க்கு விற்கப் போகிறோம். அப்பா பெயரில் உள்ள வீட்டை வைத்து 10 லட்சம் வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி.

கடன் வந்தால் கையில் 13 லட்சம். எட்டு மாதத்துக்குத் தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் 12 சதவீத வட்டி, ஐந்து வருஷத் தவணை என்று வைத்தால் மாதம் சுமார் 22,250 ரூபாய் கட்ட வேண்டும். செலவு 1.42 லட்சமாகிவிடும். ஒன்பதாம் மாத முடிவில் பணம் தீர்ந்துவிடும். கேம் எட்டாம் மாதக் கடைசியில் வெளிவந்தாலும், ஒன்பதாம் மாத விற்பனைப் பணம் பத்தாம் மாதக் கடைசியில்தான் கைக்கு வரும். இதுவும் சொன்ன தேதியில் வேலை முடிந்தால். இரண்டு வருஷமாக முடியாதது எட்டே மாதத்தில் முடியும் என்று யார் கணக்குப் போட்டது?

அப்புறம், 500 ரூபாய் முழுசாக உங்களுக்கு வராது. 18 சதவீத ஜிஎஸ்டி அதற்குள்ளேயே அடக்கம். அதைக் கழித்து, ஸ்டீமின் 30 சதவீதக் கமிஷனும் போனால் மிஞ்சுவது சுமார் 297 ரூபாய். அசலை அடைக்க மட்டுமே 3,370 பேர் வாங்க வேண்டும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் கேம் எவ்வளவு நேரம் ஓடும் என்று எழுதவில்லை. ஒன்றரை மணி நேரக் கதை என்றால், முழுசாக முடித்துவிட்டும் கேட்பார்கள். அமெரிக்க விற்பனைக்கு வரிப் படிவத்தைச் சரியாக நிரப்புங்கள். இல்லாவிட்டால் 15 சதவீதம் பிடிக்க வேண்டிய இடத்தில் 30 பிடிப்பார்கள்.

சரி, என்ன செய்வது? 100 டாலர் கட்டி ஸ்டீம் பக்கத்தை இப்போதே திறந்து, டெமோ போடுங்கள். எத்தனை பேர் விஷ்லிஸ்ட்டில், அதாவது வாங்க நினைக்கும் பட்டியலில், சேர்க்கிறார்கள் என்று மூன்று மாதம் பாருங்கள். அதுவரை இருவர் வெளிவேலை எடுத்துச் செய்யட்டும். மாதச் செலவு 70,000-க்கு இறங்கினால், இரண்டரை மாதத்தில் தீரும் 3 லட்சம் நான்கு மாதம் தாண்டும். வெளிவேலைக்குப் போகச் சொன்னால் நண்பர்களுக்கு முகம் சுருங்கும், பரவாயில்லை.

கூடவே நால்வரும் சேர்ந்து எல்எல்பி, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம், ஒன்றைப் பதிவு செய்யுங்கள். அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் தனிநபர் தொழிலுக்குக் கிடைக்காது. மதுரையிலேயே தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் வட்டார மையம் இருக்கிறது, அங்கே போய் விதை நிதி, அதாவது தொழில் தொடங்கத் தரும் ஆரம்பப் பணம், பற்றி விசாரியுங்கள். கேமின் புரோகிராம் கோட் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன என்பதையும் எழுத்தில் வையுங்கள். என்னிடம் வந்த ஒரு குழுவில், படம் வரைந்தவர் கோபித்துக்கொண்டு போனபோது மூலக் கோப்புகளும் அவர் லேப்டாப்போடு போய்விட்டன.

டெமோவுக்குப் பிறகு கடைசி இரண்டு மாதத்துக்கு மட்டும் பணம் குறைந்தால், அப்போது நகைக்கடன் பற்றி யோசிக்கலாம். விஷ்லிஸ்ட் எண்ணிக்கையோடு எழுதுங்கள்.