ரோல் கழுவுவது, பிலிம் தேர்ந்தெடுப்பது: கேள்வி பதில்

கறுப்பு வெள்ளை ரோலை வீட்டிலேயே கழுவுவது பற்றியும், எந்த பிலிம் எப்படித் தெரியும் என்பது பற்றியும் கேளுங்கள். பழைய கேமராவின் விலை, லென்ஸ் ரிப்பேர் எல்லாம் இங்கே வேண்டாம்.

கேள்வி: அண்ணா, முதல் ரோல் வாங்கப் போகிறேன். டிரை-எக்ஸா, ஹெச்பி5 பிளஸா?

இரண்டும் கறுப்பு வெள்ளை பிலிம், 400 ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்ற எண்). உங்கள் கைக்கு எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. ஹெச்பி5 சற்று மென்மை, நடுச் சாம்பல்கள் நீளமாக விரியும். டிரை-எக்ஸில் கொஞ்சம் அழுத்தம் கூடுதல். ஒன்றையே பிடித்துக்கொண்டு தொடர்ந்து எடுங்கள். ரோலுக்கு ஒரு பிலிம் மாற்றினால் எதுவுமே பிடிபடாது.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். மே மாதம் குழாய்த் தண்ணீரே 31 டிகிரி. டெவலப்பர் பாக்கெட்டில் 20 டிகிரி என்று இருக்கிறது. என்ன செய்வது?

நம் ஊரில் ரோல் கழுவுகிற எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

டெவலப்பர் என்பது பிலிமில் படத்தை வெளியே கொண்டுவரும் திரவம். டி-76 என்ற டெவலப்பரைத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றினால், ஹெச்பி5 பிளஸுக்கு 20 டிகிரியில் ஏழரை நிமிடம். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் நேரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். 24 டிகிரியில் ஐந்தேகால் நிமிடம் வரும். 31 டிகிரியில் கணக்குப் போட்டால் மூன்று நிமிடம்கூட வராது. அவ்வளவு குறைந்த நேரத்தில் டெவலப்பர் பிலிம் முழுக்க ஒரே சீராக வேலை செய்யாது. வானத்தில் திட்டுத் திட்டாகவும், பிலிம் ஓரத்து ஓட்டைகளை ஒட்டிக் கோடு கோடாகவும் தெரியும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகவே கூடாது.

அதனால் 20க்கு இறக்க மல்லுக்கட்ட வேண்டாம், 24க்கு இறக்கினால் போதும். ஒரு பெரிய டப்பில் தண்ணீர், அதில் ஐஸ் கட்டி, அதற்குள் டெவலப்பர் பாட்டில், ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் திரவம்) பாட்டில், கழுவும் தண்ணீர் மூன்றையும் நிற்க வையுங்கள். ஐஸை டெவலப்பருக்குள் போடாதீர்கள், கரைந்து நீர்த்துவிடும். டெவலப்பரோடு சம அளவு தண்ணீர் கலந்துகொண்டால் இன்னும் வசதி. 20 டிகிரியில் பதினொரு நிமிடம் என்பது 24ல் ஏழரை நிமிடத்தை ஒட்டி வரும். ஆனால் அந்தக் கலவையை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். வேலை முடிந்ததும் கொட்டிவிடுங்கள்.

டெவலப்பரை மட்டும் குளிர வைத்துவிட்டு, 31 டிகிரி குழாயில் நேராகக் கழுவுகிறவர்கள் நிறைய. ஜெலட்டின் ஊறி மென்மையாக இருக்கும் நேரத்தில் சட்டென்று சூடு மாறினால் பரப்பு சுருங்கி வெடிப்பு விடும். இன்றைய பிலிம்கள் நன்றாக இறுக்கப்பட்டவை, முன்போல் எளிதில் வெடிக்காது. அதற்காக இருக்கிற ஒரே ரோலில் சோதிக்க வேண்டாம்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். அறைச் சூட்டை அல்ல, திரவத்தின் சூட்டை அளந்து பாருங்கள்.

கடைசி அலசல் காய்ச்சி வடித்த தண்ணீரில், ஈரமூட்டும் திரவம் இரண்டு சொட்டு விட்டு. போர்வெல் தண்ணீரில் முடித்தால் உப்புப் புள்ளிகள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஹைப்போவில் எவ்வளவு நேரம்?

ரோலின் நுனியை ஒரு துண்டு வெட்டி, வெளிச்சத்திலேயே ஹைப்போவில் போடுங்கள். பால் நிறம் போய்த் தெளிவாக எத்தனை விநாடி ஆகிறதோ அதைப் போல் இரண்டு மடங்கு. டி-மேக்ஸ், டெல்டா வகை பிலிம் என்றால் மூன்று மடங்கு. தெளிவாவதற்குப் புது ஹைப்போ எடுத்ததைவிட இரட்டிப்பு நேரம் எடுத்தால் அந்த ஹைப்போ தீர்ந்தது.

கேள்வி: 400 ரோலை 1600ல் வைத்து எடுத்து, டெவலப் நேரத்தைக் கூட்டினால் இருட்டிலும் படம் வருமா?

வரும். ஆனால் வெளிச்சமே விழாத நிழலில் எதுவும் புதிதாக முளைக்காது. நேரத்தைக் கூட்டும்போது ஏறுவது நடுத்தர, வெளிச்சப் பகுதிகள்தான். கான்ட்ராஸ்ட் கூடும், மணி (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) பெருக்கும். கச்சேரி மேடைக்கு அழகு. கறுப்புச் சட்டை போட்டவரின் சட்டை மடிப்பு வேண்டும் என்றால் நடக்காது.

கேள்வி: கலர் லேபில் கறுப்பு வெள்ளை ரோல் கொடுக்கலாமா?

கூடாது. கலர் நெகடிவுக்கான சி-41 முறையில் ப்ளீச்சும் ஹைப்போவும் சேர்ந்து வெள்ளியை முழுக்கக் கரைத்துவிடும். கறுப்பு வெள்ளையில் படமே அந்த வெள்ளிதான். வெறும் பிலிம் கையில் வரும். இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் மட்டும் விலக்கு, அது சி-41க்கென்றே செய்த கறுப்பு வெள்ளை.

கேள்வி: போர்ட்ரா 400 கலர் பிலிமில் எடுத்தேன். எல்லோரும் போடும் படங்களில் வரும் அந்த மென்மையான நிறம் எனக்கு வரவில்லை. லேப் கெடுத்துவிட்டதா?

முதலில் நெகடிவைப் பாருங்கள். நிழல் பகுதிகள் வெறிச்சென்று இருந்தால் வெளிச்சம் போதவில்லை. வெளிச்ச மீட்டரை 200ல் வைத்து எடுங்கள், போர்ட்ரா தாங்கும். நெகடிவ் நன்றாக இருந்தால், நீங்கள் பார்ப்பது ஸ்கேனரின் முடிவு. ஆரஞ்சு நெகடிவின் நிறங்களைப் புரட்டிப் படமாக்கும்போது வெள்ளை எது, கறுப்பு எது என்று யாரோ ஒருவரோ ஒரு மென்பொருளோ தீர்மானிக்கிறது. அந்த மென்மையில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

திருச்சியில் மினிலேப் நடத்தியவர்: ஒத்துக்கொள்ள மாட்டேன் ஐயா. நாங்கள் பிரிண்ட் போட்ட காலத்தில் படத்தைப் பார்த்தவுடன் இது கோடாக், இது ஃபியூஜி என்று சொல்வோம். ஃபியூஜியின் பச்சையே தனி.

சொல்லியிருப்பீர்கள், நம்புகிறேன். ஒரே மெஷின், ஒரே பேப்பர், ஒரே கெமிக்கல், நாள் முழுக்க உங்கள் ஒருவர் கண். மற்ற எல்லாம் அசையாமல் நின்றதால் பிலிமின் வித்தியாசம் தனியாகத் தெரிந்தது. இன்று நாம் ஒப்பிடுவது வெவ்வேறு ஊரில், வெவ்வேறு ஸ்கேனரில், வெவ்வேறு வெயிலில் எடுத்த படங்களை.

அவரே: ஒவ்வொரு பிலிமுக்கும் மெஷினில் தனி சேனல் (நிறத் திருத்த அமைப்பு) வைத்துத்தான் பிரிண்ட் போட்டோம். அப்படியும் தெரிந்தது.

அந்த சேனல் எதற்கு? பிலிமுக்குப் பிலிம் உள்ள வித்தியாசத்தைச் சமன் செய்யத்தானே? அதையும் மீறித் தெரிந்தது என்றால் அதுதான் பிலிமின் உண்மையான குணம். எந்தச் சாயம் எந்த நிறத்தைப் பிடிக்கிறது, மணி எப்படி இருக்கிறது, எவ்வளவு கூடுதல் வெளிச்சம் தாங்கும் என்பவை. இவற்றை நான் மறுக்கவில்லை. ‘போர்ட்ரா நிறம்’ என்று இன்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இவை அல்ல என்கிறேன்.

சோதிக்க வழி இருக்கிறது. ஒரே இடம், ஒரே வெயில், சாம்பல் அட்டை ஒன்று, இரண்டு வகை ரோல். கழுவிய நெகடிவ்களை லைட் பேட் மேல் வைத்து டிஜிட்டல் கேமராவால் எடுங்கள். எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் மாறவே கூடாது. இரண்டையும் ஒரே மாதிரி புரட்டிப் பாருங்கள். மிஞ்சும் வித்தியாசம் பிலிமுடையது.

அவரே: ஸ்லைடு?

அங்கே நீங்கள் சொல்வதே சரி, முழுக்க. ஸ்லைடில் நெகடிவ் கிடையாது, பிலிமிலேயே நேர்ப் படம் வரும். ஃபியூஜியின் வெல்வியா 50ஐ லைட் பாக்ஸில் வைத்தால் நடுவில் யாரும் இல்லை, பிலிம் நேராகக் கண்ணோடு பேசுகிறது. 1990ல் அது வந்தபோது இயற்கைப் படம் எடுப்பவர்கள் அதில் விழுந்தது அந்தப் பச்சைக்காகத்தான். பதிலுக்கு வெளிச்ச அளவில் அரை ஸ்டாப் பிழைகூட மன்னிக்காது.

கேள்வி: சினிஸ்டில் 800டியில் விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் ஏன்?

அது கோடாக்கின் விஷன்3 500டி என்ற சினிமா பிலிம். பின்புறம் ரெம்ஜெட் என்ற கரிப் பூச்சு வந்துகொண்டிருந்தது, சினிஸ்டில் அது இல்லாமல் விற்கிறார்கள். பூச்சு இல்லாததால் பிலிமைத் தாண்டிப் போன வெளிச்சம் எதிரொளித்துத் திரும்பி, சிவப்பைப் பிடிக்கும் அடுக்கில் விழுகிறது. கரிப்பூச்சு எடுக்காத சினிமா ரோலைச் சாதாரண லேபில் கொடுக்காதீர்கள். அவர்கள் மெஷினும் அடுத்தவர் கல்யாணப் படமும் கெடும்.

கேள்வி: கோடாக்ரோம் ரோல் ஒன்று இருக்கிறது. கலரில் கழுவ முடியுமா?

முடியாது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலம் பார்சன்ஸ் ஊரில் அதைக் கலரில் கழுவிய கடைசி லேப் 2010 டிசம்பர் 30ஓடு ரோல் வாங்குவதை நிறுத்தியது. கறுப்பு வெள்ளையாகக் கழுவலாம்.

கேள்வி: தண்ணீர் 32 டிகிரி இருக்கிறது, நேரத்தைக் குறைத்தால் போதாதா?

போதாது. மேலே முழுக்க எழுதியிருக்கிறேன். ஐஸ், தெர்மாமீட்டர்.

கேள்வி: எங்கள் ஊர் கலர் லேபில் கறுப்பு வெள்ளையும் வாங்குவோம் என்கிறார்கள்…

எந்த டெவலப்பர் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் ரோலைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பெட்டி கேமராவில் ‘இந்து’ ரோல் பாதி எடுத்தபடி கிடைத்தது.

திறக்காதீர்கள்! ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த ரோல் அது. 1960ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், 1967ல் உற்பத்தி ஆரம்பித்தது. பின்னால் சிவப்புச் சன்னல் இருந்தால் 120 போல் காகிதம் சுற்றிய ரோல். சாவியைத் திருகிக் காகிதம் முழுக்கச் சுற்றிய பிறகு, இருட்டில் எடுங்கள். பழைய பிலிமில் மூட்டம் (பிலிம் முழுக்கப் பரவும் சாம்பல் படலம்) ஏறியிருக்கும், ஹெச்சி-110 டெவலப்பர் அதைக் கொஞ்சம் அடக்கும். முழு ரோலையும் ஒரேயடியாகப் போடாமல், இருட்டிலேயே நுனியில் ஒரு துண்டு வெட்டிக் கழுவிப் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள். ஒரு படம் போகலாம், மற்றவை பிழைக்கும்.

கேள்வி: விமானத்தில் ரோல் கொண்டு போகலாமா?

கைப்பையில் மட்டும். விமான நிலையத்தின் புதிய சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனர் எந்த வேக பிலிமையும் மூட்டமாக்கும். கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.