ஆயா காய்ச்சிய எண்ணெயும் கிளினிக் அனுப்பிய கட்டைவிரலும்

காரைக்குடியிலிருந்து 32 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆடி மாதம் மதுரையில் ஒரு கிளினிக்கில் 90,000 ரூபாய் கட்டி 2,000 கிராஃப்ட் (எடுத்து நடுகிற முடிவேர்) வைத்து ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொண்டாராம். பன்னிரண்டாம் நாள் அவருடைய ஆயா (பாட்டி) காய்ச்சிக் கொடுத்த எண்ணெயைத் தேய்த்திருக்கிறார். சித்தப்பா சொன்னார் என்று நாலு நாள் சின்ன வெங்காயச் சாறும் வைத்திருக்கிறார். அப்புறம் தலையில் சீழ்க் கொப்புளம் வந்து, நட்ட முடி திட்டுத் திட்டாகப் போய்விட்டது. எண்ணெய் வைத்தது உங்கள் தப்பு என்று கிளினிக் கைகழுவிவிட்டது, பேசி வைத்திருந்த சம்பந்தமும் நின்றுவிட்டது. 20 லட்சம் கேட்டு வழக்குப் போட முடியுமா என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெண் வீட்டார் புது போட்டோ கேட்டது, ரிசப்ஷனில் அரை நாள் உட்கார வைத்தது, தன்னால்தான் இப்படி ஆனது என்று ஆயா சாப்பிடாமல் கிடப்பது, எல்லாமே வலிதான், எனக்குப் புரிகிறது. ஆனால் அது எதுவும் வழக்கில் நிற்காது. எட்டாவது பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பத்தாம் நாள் கிளினிக் வாட்ஸப்பில், வீட்டில் காய்ச்சின நேச்சுரல் எண்ணெய் வைக்கலாமா என்று கேட்டேன், கட்டைவிரல் போட்டார்கள்." உங்கள் வழக்கே அந்தக் கட்டைவிரல்தான்.

ஏன் என்று சொல்கிறேன். கிராஃப்ட் வைப்பது என்றால் தலையில் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் புண் போடுவது. முதல் பத்து நாள் அதன் மேல் பொருக்கு கட்டி உதிரும், வேர் பிடிப்பதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான். உப்புத் தண்ணீர் ஸ்பிரே பண்ணு, மைல்டு ஷாம்புவை நுரையாக வைத்துத் தேய்க்காமல் மேலாகத் தண்ணீர் ஊற்று, சொறியாதே, டாக்டர் சொல்லும்வரை எண்ணெய் வைக்காதே என்று சொல்லி அனுப்புவது அதற்காகத்தான். கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் வெந்தயமும் ஆறின தலைக்கு நம் வீடுகளில் காலங்காலமாக வைப்பதுதான், ஆறாத தலை வேறு. வெங்காயச் சாறு நல்ல தோலிலேயே எரியும். இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் கிளினிக்காரர்கள். நீங்கள் கேட்டே இருக்கிறீர்கள், அவர்கள் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்பதற்குள் கவனக்குறைவும் வரும், சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் வரும்.

இன்னொன்று, முடி கொட்டியதை வைத்து வழக்குப் போடாதீர்கள், சீழை வைத்துப் போடுங்கள். நட்ட முடி இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் கொட்டுவது எல்லோருக்கும் நடப்பது, வேர் உள்ளே இருக்கும், மூன்று நாலு மாதத்தில் திரும்ப முளைக்கத் தொடங்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். உங்களுக்கு இப்போது ஏழாவது மாதம். "அவசரப்பட்டு வந்துவிட்டார், இன்னும் வளரும்" என்று கிளினிக் முதல் வாய்தாவிலேயே சொல்லும். சீழ் பிடித்த இடத்தில் தழும்பு விழுந்து வேர் செத்துவிட்டதா இல்லையா என்பதை ஒரு தோல் மருத்துவர் எழுதித் தர வேண்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் தோல் பிரிவில் ஓபி சீட்டுப் போட்டுக் காட்டுங்கள். எந்தப் பக்கமும் சாராதவர் எழுதின சீட்டு அது, அதற்கு மதிப்பு அதிகம். தலைக்கு இனி என்ன வைப்பது என்பதையும் அங்கேயே கேளுங்கள், சித்தப்பாவிடம் கேட்க வேண்டாம்.

எங்கே போடுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், சிவகங்கை நுகர்வோர் ஆணையம் போதும். நீங்கள் கட்டிய தொகைக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருடம். "ஒரு வருடம் பொறுங்க, ஒன்றரை வருடம் பொறுங்க" என்று கிளினிக் வாயால் சொல்வதைக் கேட்டுக் கெடுவைத் தொலைத்தவர்கள் உண்டு, அதை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இனி நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். கொப்புளம் வந்த அன்று ராத்திரி நீங்கள் அதே நம்பருக்கு, "என் தப்புதான் சார், ஆயா எண்ணெய் வச்சதுலதான் இப்படி ஆயிருச்சு, எதாவது பண்ணுங்க" என்று அனுப்பியிருக்கிறீர்கள். இது அவர்கள் கையில் இருக்கிற பெரிய ஆயுதம். தேவகோட்டைப் பக்கம் எனக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தார், இதே மாதிரி சிகிச்சை விவகாரம், அவர் அழுதுகொண்டே அனுப்பின 40 விநாடி வாய்ஸ் மெசேஜைத்தான் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டியது. அதை எனக்குச் சொல்லவே இல்லை அவர். அந்த நாளை என்னால் மறக்க முடியாது, நல்ல வழக்கு, கையில் இருந்த எல்லாம் அந்தக் குரலுக்குப் பிறகு பலம் இழந்துவிட்டது. நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அதற்கு நன்றி.

அந்த மெசேஜை அழிக்காதீர்கள். அவர்களிடம் அது இருக்கிறது, நீங்கள் அழித்தது தெரிந்தால் கட்டைவிரலையும் யாரும் நம்ப மாட்டார்கள். எண்ணெயை மறைத்தும் வழக்குப் போடாதீர்கள். பிரமாணப் பத்திரத்தில் "எதுவும் வைக்கவில்லை" என்று எழுதிக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடமிருந்து கேஸ் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பன்னிரண்டாம் நாள் வைத்தேன், பத்தாம் நாள் கேட்டுவிட்டு வைத்தேன் என்று நாமே முதல் பக்கத்தில் சொல்ல வேண்டும். வெங்காயச் சாறு நீங்கள் கேட்காமல் வைத்தது. அதில் உங்கள் பங்குக்கு நஷ்டஈட்டில் கழியும், ஏற்றுக்கொள்ளுங்கள்.

போனை மாற்றாதீர்கள், வாட்ஸப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63(4) பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்று வேண்டும், போன் கையில் இல்லாமல் அந்தச் சான்றில் என்னவென்று கையெழுத்துப் போடுவது? அந்த நம்பர் கிளினிக் பில்லில் அச்சாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். யாரோ ஒரு ஸ்டாஃப் சொந்த நம்பர் என்றால் நிலைமை வேறு. ஆயா வீட்டில் மிச்ச எண்ணெய் பாட்டிலில் இருந்தால் கொட்டிவிட வேண்டாம், மூடி போட்டு அலமாரியில் வையுங்கள்.

அப்புறம், வக்கீல் நோட்டீஸ் முதலில் வேண்டாம். நோட்டீஸ் போனதும் கிளினிக் ஃபைல் அழகாகிவிடும், அதுவரை இல்லாத "ஆயில் நாட் அலவுடு" தாள் ஒன்று உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். சாதாரணமாக, அடுத்த டாக்டருக்குக் காட்ட வேண்டும் என்று எழுதிக் கேஸ் ஷீட்டும் ஒப்புதல் படிவமும் ஆபரேஷன் குறிப்பும் கேளுங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுக்க வேண்டும் என்று 2002 மருத்துவ நடத்தை விதியே சொல்கிறது. வந்ததும் ஒன்று பாருங்கள்: கிராஃப்ட் வைத்தது யார், டாக்டரா, டெக்னீஷியனா. ஹேர் டிரான்ஸ்பிளான்ட்டை யார் செய்யலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. டாக்டர் கையெழுத்தே இல்லாத ஆபரேஷன் குறிப்பு வந்தால் பேச்சுவார்த்தையில் உங்கள் நாற்காலி உயரும்.

ஆமாம், பேச்சுவார்த்தை என்றுதான் சொல்கிறேன். இந்த வழக்கைப் பேசி முடியுங்கள். உங்களிடம் ஒரு கட்டைவிரல், அவர்களிடம் நீங்கள் கேட்ட ஒரு மன்னிப்பு, இரண்டும் ஒரே திரையில் இருக்கிறது. 20 லட்சம் என்ற எண்ணை விட்டுவிடுங்கள், சம்பந்தம் நின்றதற்கு நஷ்டம் கேட்டால் பெண் வீட்டாரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கும், அவர்கள் வர மாட்டார்கள், வந்தாலும் நீங்கள் கேட்க விரும்பாத வேறு காரணம் சொல்லலாம். கட்டிய பணத்தில் பெரும் பங்கும், இப்போது தலைக்கு ஆகிற மருத்துவச் செலவும் வாங்க முடிந்தால் நான் வாங்கச் சொல்வேன். நேரில் பேசி மசியவில்லை என்றால் மனுப் போட்டுவிட்டு நுகர்வோர் ஆணையத்திலேயே சமரசத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

ஒரே ஒரு கண்ணி. "இலவசமா மறுபடி நட்டுத் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்து" என்று தாள் நீட்டுவார்கள். அதில் "முழுமையான இறுதித் தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருக்கும். தழும்பு பிடித்த தலையில் அதே கை மறுபடி துளை போடுவதும் வேண்டாம், அந்தக் கையெழுத்தும் வேண்டாம். பணம் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகு, நானோ வேறு வக்கீலோ படித்த தாளில் மட்டும் போடுங்கள். பேச்சு முடியும்வரை கூகுளில் ரிவ்யூ எழுதுவதையும் நிறுத்துங்கள், போட்டதை வைத்து அவதூறு நோட்டீஸ் அனுப்பிப் பேரத்தைக் குறைப்பார்கள்.

ஆயாவிடம் சொல்லுங்கள், நீங்கள் கேட்டுவிட்டுத்தான் வைத்தீர்கள், வைக்காதே என்று சொல்ல வேண்டியவர்கள்தான் சொல்லவில்லை என்று. கேஸ் ஷீட் வந்ததும் போனையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.