கறவை மாட்டுக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: கலப்பின மாடு 15 லிட்டர் கறக்குது சார். பேங்க் லோனுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர்னே எழுதிக் கொடுக்கலாமா?

வேண்டாம். அது கன்று போட்ட முதல் 2 மாதத்து உச்சப் பால். பிறகு இறங்கிக்கொண்டேதான் போகும். கணக்கை ஈற்றுக்கு ஈற்று, அதாவது ஒரு கன்று போட்டதிலிருந்து அடுத்த கன்று வரை, போடுங்கள். 14 மாத இடைவெளியில் 12 மாதம் கறவை, 2 மாதம் வற்று (பால் கறக்காத காலம்). கறவையில் சராசரி 9 லிட்டர் வைத்தால் மொத்தம் 3,285 லிட்டர். 425 நாளால் வகுத்தால் நாளுக்கு 7.7தான். அதையே எழுதுங்கள். செலவில் வற்று மாதத் தீவனத்தையும் சேருங்கள். பலரும் விட்டுவிடுவது அதைத்தான். தவணை தவறுவதும் அந்த மாதங்களில்தான். இரண்டு மாடு வாங்கும் எண்ணமிருந்தால் 5, 6 மாதம் தள்ளித் தள்ளி வாங்குங்கள். ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும்.

கேள்வி: பால் சொசைட்டியில எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு போக மீதியுள்ள திடப்பொருள்) கம்மின்னு விலையைக் குறைக்கிறாங்க. எப்படிக் கேக்குறது?

முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தியை அளக்கும் கருவி) காட்டும் டிகிரியை 4ஆல் வகுத்து, கொழுப்பில் கால் பங்கைக் கூட்டி, 0.44 சேருங்கள் (சில இடங்களில் இந்தச் சூத்திரம் சற்று மாறும்). டிகிரி 28, கொழுப்பு 4 என்றால் 7 + 1 + 0.44 = 8.44. டிகிரி 26 என்றால் 7.94. கறந்த சூட்டோடு, நுரையோடு அளந்தால் டிகிரி குறைத்தே காட்டும். கேனைக் கலக்காமல் மொண்டால் கொழுப்பும் தப்பாக வரும். இன்னொன்று: கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். கன்றைக் கடைசியில் ஊட்டவிட்டால் அது கன்றுக்குப் போய்விடும். அதன் பங்கை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

பிறகு சொசைட்டி தந்த 10 நாள் பால் சீட்டோடு அதன் செயலாளரிடம் போங்கள். “ஏமாத்துறீங்க” என்று ஆரம்பித்தால் பேச்சு அதோடு முடிந்தது. “இந்த நாலு நாள் மட்டும் இறங்கியிருக்குங்க, நாளைக்கு என் கண்ணு முன்னாடி பார்த்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள்.

கேள்வி: சினை ஊசிக்கு டாக்டருக்குப் போன் போட்டா என்ன சொல்லணும்?

நாலே விஷயம்: மாடு முதலில் கத்திய நேரம், கண்ணாடி போல் சளி தொங்குகிறதா, கடைசியாகக் கன்று போட்ட தேதி, முன்பு ஊசி போட்ட தேதி. காலையில் சினைப் பருவம் தெரிந்தால் அன்று மாலை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. தவறவிட்டால் அடுத்த பருவம் வரும்வரை இன்னும் 21 நாள் வெறும் தீவனச் செலவு. தேதிகளைத் தொழுவச் சுவரிலேயே சாக்பீஸால் எழுதி வையுங்கள்.

கேள்வி: நம்மகிட்ட பால் வாங்குற வீட்டுக்காரங்ககிட்ட விலை ஏத்தணும், எப்படிச் சொல்ல?

15 நாள் முன்பே சொல்லிவிட்டு, 1ஆம் தேதியிலிருந்து ஏற்றுங்கள். மாத நடுவில் ஏற்றினால் கணக்குப் பார்க்கும்போது சண்டைதான் வரும்.