கைதான முதல் 24 மணி நேரம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கைதானவரைக் காவலில் வைக்கலாமா என்று மாஜிஸ்திரேட் முடிவு செய்கிற ரிமாண்ட் நேரத்தில் இலவச சட்ட உதவிக்காக நிற்கிற வக்கீல் நான். ராமேசுவரம் முதல் தொண்டி வரை கடற்கரை ஊர்களில் சட்டத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். கைது, ரிமாண்ட், ஜாமீன் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: அக்கா, ராத்திரி என் அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். எதற்கென்று சொல்லவில்லை. முதலில் யாரைப் பார்க்க வேண்டும்?

யாரையும் பார்ப்பதற்கு முன்னால் அவரை எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பிடித்தார்கள் என்று எழுதி வை தம்பி. வழிப்பயண நேரத்தைக் கழித்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். பின்னால் 'காலையில்தான் கைது செய்தோம்' என்று தாளில் இருந்தால் உன் குறிப்புதான் பேசும். அடுத்தது 15100. அது இலவச சட்ட உதவி எண், காசு கிடையாது. கைதுக்கான காரணத்தைச் சொல்வதும், வீட்டுக்குத் தகவல் தருவதும் போலீஸின் கடமை. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கவும் உன் அண்ணனுக்கு உரிமை உண்டு. இதையெல்லாம் சத்தம் போடாமல் கேள், ஆனால் கேட்காமல் திரும்பி வராதே.

மண்டபத்திலிருந்து: தன்னார்வலர் பயிற்சியில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறீர்கள்? சட்டம் படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். வலை பின்னுகிற அக்காவும் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற தம்பியும் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், நன்றாகவும் வேலை பார்க்கிறார்கள். ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு சின்ன நாடு, வக்கீல்கள் மிகக் குறைவு. அங்கே 2000-ஆம் ஆண்டிலிருந்து வக்கீல் அல்லாதவர்களுக்கே பயிற்சி கொடுத்து ஸ்டேஷன், சிறை, கோர்ட் மூன்றிலும் வேலை பார்க்க விட்டார்கள். இங்கே நம் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் 2019-இல் கைதுக்கு முன்பு, கைதின்போது, ரிமாண்டின்போது என்று மூன்று கட்டத்துக்கும் உதவி செய்வதற்கான வழிமுறையைக் கொண்டுவந்தது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் முதலில் கொடுத்த பயிற்சிகள் வீண். இரண்டு நாள் சட்டப்பிரிவுகளாகச் சொல்லி, சான்றிதழ் கொடுத்து அனுப்பினோம். ஆறு மாதம் கழித்து ஒருவர்கூட ஸ்டேஷன் வாசலை மிதித்திருக்கவில்லை, பயம். இப்போது வகுப்பிலேயே ஒருவரை இன்ஸ்பெக்டராகவும் ஒருவரைக் கைதானவரின் அம்மாவாகவும் நடிக்க வைக்கிறேன். இளம் வக்கீல்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் நடக்கிற ரிமாண்டையே நடத்திக் காட்டுகிறேன், ஏனென்றால் அங்கே கிடைப்பது சில நிமிடம்தான். எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா, வீட்டுக்குத் தெரியுமா, எதற்காக உள்ளே வைக்க வேண்டும் என்று கேட்டுவிட வேண்டும். அப்புறம் பயிற்சி முடிந்த பிறகுதான் நிஜமான வேலை: ஒரு பக்கப் படிவம், ஒரு பதிவேடு, இரவில் எடுக்கிற ஒரு போன், மாதம் ஒருமுறை உட்கார்ந்து 'இந்தக் கேஸில் எங்கே விட்டோம்' என்று பார்ப்பது. இந்தத் துணை இல்லாத பயிற்சி நிற்காது. விசைப்படகுகள் கரையில் நிற்கிற தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, வகுப்பு வைத்தால் ஆண்களும் வருகிறார்கள்.

தொண்டியிலிருந்து: ஜாமீன் உத்தரவு வந்து இருபது நாள் ஆகிறது. இரண்டு ஜாமீன்தாருக்கு எங்கே போவது? சொந்தக்காரர்கள் எல்லாம் வேறு மாவட்டம்.

இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற இடம். கதவு திறந்த பிறகும் ஆள் உள்ளேயே இருப்பது. 1978-இல் மோதி ராம் வழக்கு, அவர் ஒரு கொத்தனார். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள், ஜாமீன் நிற்க வந்த அவருடைய சகோதரரை வேறு மாவட்டத்துக்காரர் என்று தள்ளிவிட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அது தவறு என்றார், தொகையையும் ஆயிரமாகக் குறைத்தார். உங்கள் வக்கீல் அதைச் சொல்லிக் கேட்கட்டும். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: உத்தரவு வந்து ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தகவல் தர வேண்டும், ஒரு மாதமாகியும் ஜாமீன்தார் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே தானாக எடுத்துப் பார்க்கலாம். அதே 2023-இல் ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டமும் வந்தது, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை என்று தொடங்கினார்கள். உங்களுக்கு இருபது நாள் ஆகிவிட்டது, அந்த ஏழு நாள் தகவல் போனதா என்று நாளைக்கே ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள்.

கீழக்கரைப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு காவலர்: மேடம், எல்லாரையும் வெளியே விட்டால் நாங்கள் எப்படி விசாரிப்பது?

நியாயமான கேள்வி சார். விடச் சொல்லவில்லை, தேவையில்லாமல் பிடிக்காதீர்கள் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது அவசியமா என்று முதலில் காரணத்தை எழுதிப் பாருங்கள், இல்லையென்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுங்கள். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது இது. இப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 35-ஆவது பிரிவு. காரணம் எழுதாமல் பிடித்தால் பதில் சொல்ல வேண்டியது எஸ்.பி. அல்ல, நீங்கள்தான். கைது ஏன் அவசியம் என்று குறிக்கிற ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாளை நிரப்பக் காவலர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் உங்களுக்கும் பாதுகாப்பு.

கடல்பாசி எடுக்கும் ஓர் அக்கா: எங்களைப் பிடித்தால் எங்களுக்கும் இலவச வக்கீல் உண்டா?

உண்டு அக்கா. பெண் என்றாலே உண்டு, வருமானச் சான்று தேவையில்லை. காவலில் இருக்கும் யாருக்கும் உண்டு. மாலை இருட்டிய பிறகு, பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் இல்லாமல் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்பதையும் உங்கள் குழுவில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து: இலங்கையில் பிடிபட்டவர்களுக்கும் இந்த 24 மணி நேரம் பொருந்துமா?

பொருந்தாது. அங்கே அவர்கள் சட்டம், அவர்கள் கோர்ட். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம்தான் வழி. மீன்வளத் துறையிடம் பெயரையும் படகுப் பதிவெண்ணையும் உடனே கொடுங்கள்.

ஏர்வாடியிலிருந்து ஒரு தாய்: மகன் உள்ளே போய் ஒன்றரை வருடம். கேஸ் தொடங்கவே இல்லை. நான் என்னம்மா செய்வேன்?

அம்மா, இதற்கு முன் எந்தக் கேஸிலும் தண்டனை வாங்காதவனா அவன்? அப்படியானால் அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்தாலே பிணையில் விட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும் வேறு கேஸ்கள் நிலுவையில் இருந்தாலும் இது கிடையாது. அதே புதிய சட்டத்தின் 479-ஆவது பிரிவு. பழைய கேஸ்களுக்கும் பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுப் போடுவது சிறைக் கண்காணிப்பாளரின் பொறுப்பு, ஆனால் நாம் காத்திருக்க வேண்டாம். கைதான தேதி, கேஸ் எண், சட்டப்பிரிவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எடுத்துப் போங்கள். அந்தத் தாளின் நகலை எனக்கும் அனுப்புங்கள், எத்தனை நாள் ஆகிறது என்று நானே எண்ணிப் பார்க்கிறேன்.